அளந்து வைத்த தண்ணீர்

செங்கல் தூளுக்கு ஒரு ருசி உண்டு. ஈறில் பட்டதும் முதலில் புழுதி வாசனை, பிறகு நாக்கின் ஓரத்தில் ரத்தத்தின் உப்பு, நறநறவென்று காதுக்குள்ளேயே கேட்கும் சத்தம் வேறு. ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம், ஆண்டுவிழாவுக்கு முந்தின பதினைந்து நாளும் வாசலில் குந்திக்கொண்டு அதைத்தான் தேய்த்தேன். சாம்பல், கரி, உப்பு எல்லாம் பார்த்தாயிற்று. என் முன்பற்களின் பழுப்புக் கோடுகள் துளிகூட மங்கவில்லை.

இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் வயதுப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அங்கே "காவிப் பல்லு"தான். பல் விளக்காத சோம்பேறிகள் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பெயர். விளக்கி விளக்கி ஈறு வீங்கிப்போனவளைப் பார்த்துச் சோம்பேறி என்றால் எப்படி இருக்கும்? இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இத்தனைக்கும் ஊரில் எனக்கு ஒரு மவுசு இருந்தது. நான் பிறந்த வருஷம் கிணறுகளெல்லாம் வற்றி, பாதி ஊர் பெங்களூர்ப் பக்கம் கூலிக்குப் போக மூட்டை கட்டி நின்றதாம். லாரி வந்து போர் போட்டதில் மூன்று இடத்தில் வெறும் புழுதிதான் கிளம்பியது. நாலாவதாக எங்கள் வீட்டுக்கு எதிரில் போட்டார்கள். நான் பிறந்த அன்றைக்குத் தண்ணீர் பீறிட்டது. அந்த அடி பம்புக்குக் கற்பூரம் காட்டிப் பொட்டு வைத்த கையோடு எனக்குக் கங்கா என்று பெயர் வைத்தார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா சொல்லுவாள்: "இவ பொறந்த நேரங்க. நம்ம ஊருக்குன்னு ஆண்டவன் அளந்து வச்சிருந்தான், இவ வந்ததும் தொறந்து உட்டான்." கேட்டுக் கேட்டு, அந்தத் தண்ணீரை நானே தலையில் சுமந்து கொண்டுவந்ததுபோல் ஒரு மிதப்பு எனக்கு. குடத்தோடு வருகிற பெரியவர்களைக்கூட வரிசையில் நில்லுங்க என்று அதட்டுவேன்.

ஆண்டுவிழாப் பட்டிமன்றத்துக்குத் தமிழ் ஐயா வைத்த தலைப்பு, 'உயிர்கள் வாழ ஏற்றதாய் இப்பூமி அமைந்தது இறைவன் திட்டமா, தற்செயலா?' சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இறைவன் எனக்கு வந்தார், தற்செயல் நூர்ஜகானுக்குப் போயிற்று. முந்தின வருஷம்தான் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த பெண் அவள். பால் போலப் பல். சீட்டைப் பிரித்ததும் அழுதுவிட்டாள். "எங்கத்தா கேட்டா தோலை உரிச்சிடுவாருடி. அஞ்சு வேளை தொழுவுற வூடு. நீ மாத்திக்கயேன்" என்று கெஞ்சினாள். மாற்றிக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா? அம்மா சொல்லும் கதைதானே என் பேச்சு! மேடையேறி அதைச் சொல்லிப் பரிசு வாங்கிவிட்டால் அப்புறம் ஒருவரும் என் பல்லைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள் என்று நம்பினேன். ஒத்திகையில் தமிழ் ஐயா, "பேச்சு பிரமாதம். மொதல்ல அந்தப் பல்லைக் கவனி" என்றார். அதற்குத்தான் செங்கல் தூள்.

விழாவன்று அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேலுதட்டைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டே பேச நான் பழகியிருந்தேன். சூரியன் இன்னும் கொஞ்சம் கிட்டே இருந்தால் கருகியிருப்போம், எட்டே இருந்தால் உறைந்திருப்போம் என்பதுவரை உதடு கட்டுக்குள் இருந்தது. "தாகம் என்று ஒன்றைக் கொடுத்தவன், தண்ணீரையும் நமக்காகவே அளந்து வைத்தான்!" என்று முழங்கியபோது எல்லாம் மறந்து வாய் முழுசாகத் திறந்துவிட்டது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நூர்ஜகான் தலையைக் குனிந்தபடி, "பூமியை நமக்காக யாரும் செய்யவில்லை. இதில் பிழைக்க முடிந்தவை பிழைத்திருக்கின்றன, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டு, உட்கார்ந்ததும் "தோபா, தோபா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நடுவராக வந்த பெரியவர் தொண்டையைச் செருமி, திட்டமும் உண்டு, தற்செயலும் உண்டு, இரண்டும் கலந்ததே வாழ்க்கை என்றார். அதோடு விட்டாரா? மைக்கிலேயே என் பக்கம் திரும்பினார். "அருமையாப் பேசுனம்மா. ஆண்டவன்தான் தண்ணிய அளந்து குடுத்திருக்கானே, அதுல ஒரு சொம்பு மொண்டு தெனம் பல்லு வெளக்குனா என்ன?"

பந்தலே சிரித்தது. என்ன ஏது என்று புரியாமல் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பரிசாகக் கொடுத்த சோப்பு டப்பாவை நான் வீட்டுக்கே எடுத்துப் போகவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, பாட்டிலோடு சிலர் வந்து பம்புத் தண்ணீரைப் பிடித்துப் போனார்கள். பிறகு வந்து பம்பின் மூக்கில் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அடிப்பாறையிலிருந்து தண்ணீரில் ஃப்ளோரைடு கரைந்திருக்கிறது, பல்லில் காவி அதனால்தான், எலும்பையும் பிடிக்கும், குடிக்காதீர்கள் என்றார்கள். "சாமி குடுத்த தண்ணிக்கா செவப்பு அடிக்கறீங்க? வேற தண்ணி எங்கங்க இருக்குது, சொல்லுங்க?" என்று அம்மா சண்டைக்குப் போனாள். அவர்கள் ஜீப் ஏறிப் போனார்கள். நாங்கள் அதையேதான் குடித்தோம்.

அன்றைக்குத் தொடங்கிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அளந்து வைத்தவன் அதற்குள் இருந்ததையும் சேர்த்துத்தான் அளந்தானா? அப்படியென்றால் அவனோடு சண்டையாவது போடலாம். வெறும் தற்செயல் என்றால் யாரிடம் போய்க் கேட்பது? அந்தப் பாறையிடமா? இரண்டும் கலந்தது என்று மழுப்பிவிட்டு மாலையோடு பஸ் ஏறிப் போன அந்த நடுவரைத்தான் மன்னிக்கவே முடியவில்லை.

இப்போது குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. பம்பைப் பிடுங்கிவிட்டார்கள்; சிமெண்டு மேடை மட்டும் கிடக்கிறது. அதன்மேல் ஏறி விளையாடும் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் வெள்ளை, "காவிப் பல்லு" என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு முட்டி மடங்காமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. பகலெல்லாம் அந்த மேடையைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

போன மாதம் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன், "அந்தத் தண்ணிதாம்மா உன் காலைத் தின்னுடுச்சு."

"தின்னா தின்னுட்டுப் போவுது. அது வரலைன்னா எனக்கு ஏதுடி பாலு? நீ அன்னிக்கே போயிருப்ப" என்றாள் அம்மா, சாதாரணமாக. "மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத. சிரி பாக்கலாம்."

சிரித்தேன். கை தானாகப் போய் வாயை மூடிக்கொண்டது. அந்தக் கையை எட்டி இழுக்க அம்மா நாற்காலியில் இரண்டு முறை எம்பிப் பார்த்தாள். எழ முடியவில்லை.