மூன்று சுற்று முடிச்சு

இந்த நிகழ்ச்சி நடந்த காலத்தில் என் நிலை என்ன என்பதை முதலில் பதிவு செய்துவிடுவது முறை. நான் அப்போது இரண்டாம் பாரம், அதாவது இன்றைய ஏழாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். கணக்கு, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் வகுப்பில் முதல் மாணவன். என் தந்தையார் தாலுகா கச்சேரியில் தலைமை குமாஸ்தா. தருமபுரிக் கால்பந்துச் சங்கத்தின் தலைவரும் அவரே. நான் பொய் சொன்னதாகவோ, தொடக்கூடாததைத் தொட்டதாகவோ அதுநாள்வரை ஒருவரும் புகார் கூறியதில்லை. இவற்றைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பையன் மீது எவருக்கும் சந்தேகம் வராது என்பது பின்னால் வரும் செய்திக்கு வேண்டியிருக்கிறது.

சங்கம் என்றதும் இன்றைய இளைஞர்கள் ஏதோ பெரிதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். சங்கத்துக்கு இருந்தவை பதினோரு ஆட்டக்காரர்களும் ஒரு பந்தும். சலவைக்கு இடும் நீலத்தில் தோய்த்த பனியன்கள் சீருடை. அவற்றில் ஏதேனும் இரண்டு ஒரே நிறமாக இருந்து நான் பார்த்ததில்லை. பூட்ஸ் ட்ரில் வாத்தியாருக்கு மட்டும் உண்டு. அணியின் தலைவரான அவரும், மற்றவர்களுக்கு வருத்தம் வரக்கூடாதென்று, ஆட்டம் தொடங்குமுன் அவற்றைக் கழற்றிவைத்துவிடுவார். சந்தைத் திடல்தான் மைதானம். நான்கு மூங்கில்களும் இரண்டு தாம்புக் கயிறுகளும் கோல் கம்பங்களாயின.

பந்தைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். வெளியே தோல் உறை, உள்ளே ரப்பர் பை. அந்தப் பைக்கு விரல் நீளத்தில் ஒரு குழாய் உண்டு. அதன் வழியாகக் காற்றை ஊதி, குழாயை மடக்கி, சணல் நூலால் இறுகக் கட்டி, உறைக்குள் செருகி, மேலே தோல் வாரால் தைத்துவிட வேண்டும். சங்கத்துக்குப் பம்பு கிடையாது. என் சித்தப்பாவின் மூச்சுதான் பம்பு. அவர் கன்னம் புடைக்க ஊதி நிறுத்தும் கணத்தில் நான் குழாயை இரண்டு விரல்களால் கவ்விக்கொள்வேன். அவர் நூலை மூன்று சுற்றுச் சுற்றி இழுக்கும்போது முடிச்சின்மேல் என் ஆள்காட்டி விரல் இருக்கும். விரலை உருவிக்கொள்வதும் முடிச்சு விழுவதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். ஊரிலேயே இந்த வேலை தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தாம்.

சித்தப்பா தந்தையாரின் தம்பி. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்று, வேலையின்றி எங்கள் வீட்டில் இருந்தார். ஆனால் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே அவர் நின்றுவிட்டால் பந்து அவரைத் தாண்டிப் போவது அரிது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்காரவைத்துப் பென்னாகரம் சாலையில் அழைத்துச் செல்வார். வழியிலுள்ள புளியமரங்களை எண்ணச் சொல்வார். அந்த எண்ணிக்கையில் நான் தவறியதுண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர் ஒருநாளும் திருத்தியதில்லை.

யுத்த காலம். மொரப்பூருக்கு எங்கள் ஊரிலிருந்து ஓடிய சின்ன ரயிலின் தண்டவாளங்களை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த ஆண்டு விஜயதசமியன்று ஆட வருவதாக மொரப்பூர் ரயில்வே ஊழியர்களின் அணி கடிதம் எழுதியது. கடைசி வரியில் ஒரு செய்தி இருந்தது. அவர்களுடைய கோல் காப்பாளர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாராம். ஜோலார்பேட்டையிலிருந்து ஓர் அதிகாரி ஆட்டம் பார்க்க வருவார்; எங்கள் காப்பாளரை அவருக்குப் பிடித்துவிட்டால் ரயில்வேயில் வேலை கொடுத்து அழைத்துப்போவார்.

வீட்டில் இதைப் பற்றியே பேச்சு.

"போனாப் போகட்டும்" என்றார் தந்தையார். "இங்க இருந்து மூங்கிலுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கறான். அங்க போனாச் சம்பளமாச்சும் வரும்."

"ரெயில்வே உத்தியோகம்னாப் பாலக்கோட்டுக்காரங்க மறுபேச்சுப் பேச மாட்டாங்க" என்றார் அம்மா.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் சக்கரத்தைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த சக்கரம். அம்மா சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. பாலக்கோடு என்றால் எனக்குச் சந்தைக்கு வண்டிகள் வரும் திசை, அவ்வளவே. எனக்கு விளங்கியது ஒன்றுதான்: அதிகாரிக்குப் பிடித்துவிட்டால் சித்தப்பா போய்விடுவார்.

"நீங்க போயிட்டாப் பந்துக்கு யாருங்க சித்தப்பா ஊதுவாங்க?" என்று கேட்டேன்.

"ஊருல வேலவெட்டி இல்லாமப் பேசறவங்க அத்தன பேருகிட்டயும் மூச்சு இருக்குதுடா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜையன்று பந்தைத் தலைவர் வீட்டுப் பூஜையில் வைப்பார்கள். தந்தையாரின் பேனா, அரிவாள்மணை, சைக்கிள், என் பாடப் புத்தகங்கள் இவற்றோடு பந்துக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. எங்களோடு வாழ்ந்த அத்தைக்கு இது ஆண்டுதோறும் ஆகாது.

"செருப்புத் தெக்கற தோலக் கொண்டாந்து சாமிகிட்ட வெக்கறீங்களே, குடும்பம் வெளங்குமா?"

"கோயில் மத்தளத்துக்குப் பொட்டு வெக்கறாங்களேக்கா, அத என்ன வாழமட்டையிலயா செஞ்சாங்க?" என்றார் சித்தப்பா.

பூஜையில் வைத்த பந்தை மறுநாள் ஆட்டக்காரர்கள் வந்து தாம்பாளத்தில் எடுத்துப்போகும்வரை யாரும் தொடக்கூடாது. மைதானத்தில் ஒவ்வொருவரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வணங்கிய பொருளைக் காலால் உதைப்பதற்கு அது மன்னிப்புக் கேட்கும் முறை. அமுக்கிப் பார்ப்பது, தரையில் தட்டிப் பார்ப்பது எல்லாம் அன்று அபசாரம். ஆகையால் ஊதிக் கட்டும் வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவோம். அந்த ஆண்டும் சித்தப்பா ஊதினார். என் விரல் முடிச்சின்மேல் இருந்தது.

விஜயதசமி முற்பகலில் எல்லோரும் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். வயிற்று வலி என்று சொல்லி நான் வீட்டில் தங்கினேன். என் வாழ்க்கையில் நான் அறிந்து சொன்ன முதல் பொய் அதுவாகலாம். பூஜை மணையின்முன் உட்கார்ந்து தோல் வாரை அவிழ்த்தேன். குழாயைக் கவ்விக்கொண்டு, பல்லால் நூலைப் பிடித்து, மூன்று சுற்றைப் பிரித்து ஒரே சுற்றாகக் கட்டினேன். சும்மா இருந்தால் அது நிற்கும். நாலு உதை விழுந்தால் நெகிழும் என்பது எனக்குத் தெரியும். பந்து தொய்ந்தால் ஆட்டம் நின்றுபோகும், அதிகாரி போய்விடுவார், சித்தப்பா இருப்பார். என் யோசனை அத்தோடு முடிந்தது. வாரைத் தைத்து, கலைந்த குங்குமத்தைச் சரிசெய்துவிட்டுக் கும்பிட்டபோது எனக்கிருந்த பயம் என் புத்தகங்களும் அதே மணையில் இருந்தனவே என்பதுதான். அடுத்த தேர்வில் முதலிடம் தவறிவிடுமோ என்று அஞ்சினேன். தவறவில்லை.

பிற்பகலில் மொரப்பூர் அணி கரிவாயு பஸ்ஸில் வந்து இறங்கியது. பின்னால் கட்டியிருந்த கரி அடுப்பின் புகையில் பாதிப் பேர் முகம் கறுத்திருந்தது. அதிகாரி தொப்பி வைத்த உயரமான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதே பஸ் ஐந்தரைக்குத் திரும்ப வேண்டும். அதை விட்டால் இரவு ரயிலைப் பிடிக்க முடியாது. நான் தந்தையாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்துக்கெல்லாம் மொரப்பூரின் முன்வரிசைக்காரர் ஒருவர் தனியே புகுந்து, பத்தடித் தூரத்திலிருந்து உதைத்தார். சித்தப்பா பக்கவாட்டில் பாய்ந்து பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தார். திடல் முழுவதும் ஆர்ப்பரித்தது. அதிகாரி முன்னால் சாய்ந்தார். தந்தையாரிடம் திரும்பி, "இவர்தானா?" என்றார்.

"ஆமாங்க. என் தம்பிதானுங்க."

தம்பி என்பதைத் தந்தையார் அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தப்பா எழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு, பந்தை ஓங்கி உதைத்தார். அது பாதி உயரம் போய், சீறலோடு, நனைந்த துணியைப்போல் விழுந்தது. காற்றுப் போனதை அறியாமல் இரு அணியிலும் ஒவ்வொருவர் எதிரெதிரே ஓடிவந்து ஒரே நேரத்தில் உதைத்தார்கள். உள்ளே ரப்பர் கிழியும் சத்தம் என் காதுவரை கேட்டது. அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. யுத்தத்தில் ரப்பர் பை சேலத்திலும் கிடைக்காது.

எல்லோரும் கூடினார்கள். சித்தப்பா மண்டியிட்டு வாரை அவிழ்த்துப் பையை வெளியே எடுத்தார். குழாயில் ஒற்றைச் சுற்று நூல் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு நாற்காலிகளின் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வெயில் கூசுவதுபோல் கையால் கண்ணை மறைத்துக்கொண்டேன்.

"பந்து யாரு கட்டினது?" என்று ட்ரில் வாத்தியார் அதட்டினார்.

சித்தப்பா அந்த நூலை உருவி உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டார். "நாந்தானுங்க. சரியாக் கட்டலைங்க."

"நாலு வருஷமா கட்டற ஆளு! இன்னிக்குத்தான் கை வெளங்காமப் போச்சா?"

"கவனம் வேற எங்கியோ இருந்திச்சுங்க."

"பாலக்கோட்டுல இருந்திருக்கும்!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

அதிகாரி எழுந்தார். கோபப்படவில்லை. "ஆட்டம் நல்லாத்தான் இருக்கு" என்றார் தந்தையாரிடம். "ஆனா ஒரு முடிச்சைக்கூடச் சரியாப் போடாத ஆளை, எதை நம்பி நான் ரயில்வேயிலே சிக்னல்கிட்ட நிறுத்தறது? நீங்களே சொல்லுங்க." கச்சேரியில் முப்பது பேருக்கு வேலை சொன்ன என் தந்தையார் அவரைப் பஸ்வரை கொண்டுபோய் விட்டார்.

வீடு திரும்பியதும் தந்தையார் தம்பியை நிற்கவைத்துப் பேசினார். அந்தச் சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை. அத்தை, "நாஞ் சொன்னனே, தோலு தோலுன்னு" என்று ஒருபுறம் அரற்றினார். ஆட்டம் நின்றது, அதிகாரி போனார், சித்தப்பா இருந்தார். நான் எண்ணியபடியே எல்லாம் நடந்தும், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு வயிற்று வலிதான் காரணம் என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா சைக்கிள் கடையில் ரப்பர் துண்டும் பசையும் வாங்கிவந்து கிழிசலை ஒட்டினார். வெயிலில் காயவைத்து எடுத்து, என்னைக் கூப்பிட்டார்.

"வா சாமி. வெரல வெய்யி."

ஊதினார். நான் குழாயைக் கவ்விக்கொண்டேன். அவர் நூலைச் சுற்றவில்லை. என் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு நீ கட்டு. ஒரு சுத்து நிக்காது கண்ணு. மூணு சுத்து சுத்தணும். இழுத்து, இன்னும் கொஞ்சம் இழுத்து... ஆங், அப்பிடித்தான். இனிமே எப்பவும் இப்பிடித்தான் கட்டணும், என்ன?"

"செரிங்க சித்தப்பா."

என் தலையில் கைவைத்து ஒருமுறை அழுத்தினார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் முழுமையாக நம்பினேன். முடிச்சுப் போட எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்றே நினைத்தேன். அதை இனி நான் தனியாகவே செய்யும் தகுதி பெற்றுவிட்டேன் என்று பெருமைகூடப் பட்டேன்.

தை மாதத்தில் பாலக்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குச் சித்தப்பா என்னைச் சைக்கிளில் அழைத்துப்போனார். வீட்டில் வேறு யாரும் வரவில்லை. பந்தியில் வெல்லப் பாயசம் போட்டார்கள். நான் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன். சித்தப்பா தம்முடைய பங்கையும் என் இலையில் விடச் சொன்னார். புறப்படும்போது மணமேடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். மணப்பெண் நிமிரவில்லை. திரும்பும் வழியில் புளியமரங்களை எண்ணச் சொன்னார். எண்ணிக்கை தவறியது. அவர் கவனிக்கவில்லை. வெயிலில் களைத்துவிட்டார் என்று கருதினேன். பாயசம் நன்றாக இருந்ததென்று அவரிடம் மூன்று முறை சொன்னேன். அது சித்தப்பாவுக்குக் கேட்டிருந்த பெண்ணின் கல்யாணம் என்பதை, கல்லூரியில் சேர்ந்து ஊருக்கு விடுமுறையில் வந்த ஒரு நாளில் அம்மா வேறு எதையோ பேசும்போது சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கல்லூரி மாணவன் என்ற மதிப்பு எனக்கு அப்போது புதிது.

சித்தப்பா பிற்காலத்தில் வேறிடத்தில் மணம் செய்துகொண்டார். புளி மண்டியில் எடை போடும் வேலை பார்த்து, மக்களைப் பெற்று, குறையின்றி வாழ்ந்து மறைந்தார். முடி நரைக்கத் தொடங்கிய பின்னும் அந்த மூங்கில்களுக்கு நடுவே நின்றார். என்னிடம் அந்தப் பந்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை.

இப்போது சங்கத்தின் வரலாற்றை எழுத முற்பட்டிருக்கும் இளைஞர்கள், முன்னுரை வேண்டி அதன் கையெழுத்துப் பிரதியை என்னிடம் தந்திருக்கிறார்கள். மொரப்பூர் அணியுடனான அந்த ஆட்டம் எங்கள் காப்பாளரின் கவனக்குறைவால் நின்றது என்று அதில் கண்டிருக்கிறது. ஊரை விட்டுப் போக மனமில்லாமல் அவரே வேண்டுமென்று செய்தார் என்று சொல்லும் முதியவர்களும் இருக்கிறார்கள். தோலைப் பூஜையில் வைத்த குற்றம் என்று என் அத்தை சாகும்வரை சொன்னார்.

மூன்றும் தவறு. என் சித்தப்பா அந்தப் பந்தை மூன்று சுற்றுச் சுற்றிச் சரியாகத்தான் கட்டினார். அவிழ்த்தவன் நான்.