நடுரோட்டில் ஏழு பெண்கள்

சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்கு டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும்மா. மாத்திரையைவிட அதுதான் முக்கியம்" என்றார். சீட்டிலும் அதை எழுதிக் கொடுத்தார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. எட்டு மணி நேரமும் ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டிக்கு டேப் ஒட்டுவேன்.

நடக்கலாம். எங்கே நடப்பது?

எங்கள் தெருவை விட்டு வெளியே வந்தாலே தொழிற்பேட்டை ரோடு. இரண்டு பக்கமும் லாரிகள் நிற்கும். மிச்சமிருக்கிற இடத்தில் டிரெய்லர்கள் போகும். அதிலேயே நடக்க ஆரம்பித்த நான்காம் நாள் காலை ஒரு டிரெய்லருக்கு ஒதுங்கப்போய்க் கால்வாய்க்குள் விழுந்தேன். முழங்கையில் ஐந்து தையல்.

"ஊட்டுக்குள்ளயே கட்டில சுத்தி நடயேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நான் இன்னா செக்கு மாடா?" என்றேன்.

ரோட்டை ஒட்டிக் கம்பி வேலி போட்ட பூங்கா ஒன்று இருந்தது. வேப்பமரம், புங்கமரம், சுற்றிலும் சிமெண்ட் பாதை, பெஞ்சுகூட உண்டு. ஆனால் கேட்டில் பூட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரிகள் வந்து மரம் நட்டு போட்டோ எடுக்கும்போது மட்டும் திறப்பார்கள். பிரஷர் இருந்த எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு வாட்ச்மேனிடம் போனேன்.

"பப்ளிக்க உள்ள வுடக்கூடாதுன்னு ஆர்டர்மா" என்றார் அவர்.

"அப்ப யாருக்குய்யா பாதை போட்டு வெச்சிகிறாங்க? அணில் நடக்கவா?" என்றாள் அக்கா.

தொழிற்பேட்டை ஆபீஸில் மனு கொடுத்தோம். மூன்று முறை அலைந்தோம். "மேலே அனுப்பியிருக்கோம்" என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெருவில் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டேன். ஏழு பேர் சேர்ந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஓரத்தில்தானே லாரி நிற்கிறது என்று நடுரோட்டிலேயே கைகோத்து நடந்தோம். பின்னால் ஹாரன் அலறியது. திரும்பவில்லை. பயமில்லை என்றால் பொய். அக்கா பிடித்த பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின. ஒரு டிரைவர் தலையை நீட்டி, "இன்னாம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று கத்தினார்.

"சாவாம இருக்கத்தான்யா நடக்கிறோம்!" என்று நானும் கத்தினேன்.

ஐந்தாம் நாள் போலீஸ் ஜீப் வந்து குறுக்கே நின்றது. டிராஃபிக்கை மறிப்பதாகக் கேஸ் போடுவேன் என்றார் இன்ஸ்பெக்டர்.

"போடுங்க சார்" என்று சீட்டை நீட்டினேன். "நடக்கணும்னு டாக்டர் எழுதிக் குடுத்துகிறாங்க. எங்க நடக்கிறதுன்னு நீங்க எழுதிக் குடுங்க." தையல் போட்ட கையையும் காட்டினேன்.

அவர் சீட்டைப் படித்தார். வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தார். பூட்டிய கேட்டைப் பார்த்து, "அது என்ன இடம்?" என்று கேட்டார். நாங்கள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலை ஒரு மணி நேரம் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. இப்போது வேறு சண்டை. பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு ஆலையின் புகைபோக்கியிலிருந்து சில காலைகளில் இரும்பு கருகுகிற நாற்றம் வரும். தொண்டை எரியும். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடப்போம். போன மாதம் டாக்டரம்மா என் இருமலைக் கேட்டுவிட்டு, "முடிஞ்சா வேற ஏரியாவுக்கு வீட்டை மாத்திக்கங்களேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"வேலை இங்க, ஊடு இங்க. நாங்க ஏன் போகணும்? புகை போவட்டும்மா" என்றேன்.

எந்த நாள், எத்தனை மணிக்குப் புகை வந்தது என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். புகையைப் பற்றி மனு எழுதி முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அத்தனை பேரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆபீஸுக்கு நேரில் போகிறோம். பதில் சொல்லாமல் எங்களை அங்கிருந்து அனுப்ப முடியாது.