பேரில்லாமல் வந்த கட்டுரை

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ. ஈய எழுத்துப் பொறுக்கிச் சீவிச்சவனுக்கு உரத்துக் கதைச்சுப் பழக்கமில்லை. தொண்ணூறுகளின்ரை தொடக்கம், இணுவிலிலை காலாலை மிதிச்சு ஓட்டுற ஒரு சின்ன அச்சுக்கூடம். எங்கடை தொழிலிலை ஆர் எழுதினாலும் முதல் பயம் எழுத்துக் கோர்த்தவனுக்குத்தான். அந்தக் காலத்தைக் கடந்து வந்த உங்களுக்கு இது தெரியாததே?

கோடு போட்ட பத்திரிகை

பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் மாதம் ஒரு பத்திரிகை விட்டவை. ஆசிரியர் பவானி, ஏ.எல். எண்ட உயர்தர வகுப்பிலை படிக்கிற பிள்ளை. சாமான் வரத் தடை, அச்சடிக்கக் கடுதாசி இல்லை. பிள்ளையள் தங்கடை கொப்பியளின்ரை நடுத்தாளைக் கழட்டிக் கொண்டருங்கள். கோட்டுக்கு மேலை எழுத்து விழும்.

முதல் இதழிலையே, குண்டு விழேக்கை பதுங்கிற பள்ளிக்கூடத்து பங்கருக்குள்ளை முழங்காலளவு தண்ணி நிக்குது எண்டு எழுதினவை. அதிபர் வந்து, அடிச்சுப் பாத்த புரூவ் தாளை வாசிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "பிள்ளை, உண்மையை எழுதுங்கோ. ஆனால் ஒருத்தருக்கும் விளங்காத மாதிரி எழுதுங்கோ."

ரமணன் கொண்டு வந்தது

பவானியோடை படிக்கிற ரமணன் ஒருநாள் ஒரு கட்டுரையோடை வந்தான். பள்ளிக்கூட வாசலிலை தேத்தண்ணிக்கடை வைச்சிருக்கிற செல்லத்துரை, ஆமிக்குத் தகவல் குடுக்கிறாராம். அப்பிடி ஒரு சொல் அச்சிலை வந்தால் ஊரை வைச்சிருக்கிற இயக்கம் விடாது, அந்தாளின்ரை கதை முடிஞ்சுது. எழுதினவர் பேர் இல்லை.

"எழுத்துச் சுதந்திரம் எண்டு மேடையிலை முழங்கினது நீர்தானே" எண்டான் பவானியைப் பாத்து.

"ஓம். கீழை உம்மடை பேரைப் போடும், நாளைக்கே வரும்."

"என்ரை பேரோ? எனக்கேன் வில்லங்கம்?"

"அப்ப சுதந்திரம் உமக்கு, சாவு அந்த மனுசனுக்கோ?"

சைக்கிளிலை வந்தவை

பிறகு அதே கட்டுரையைப் பிடிச்சுக்கொண்டு இயக்கத்து ஆக்கள் ரெண்டுபேர் சைக்கிளிலை வந்திச்சினம். "இது இந்த இதழிலை வரவேணும்" எண்டிட்டுப் போட்டினம். அச்சுக்கூடத்து முதலாளி கதிரையிலை இருந்திட்டார். "போட்டிடு பிள்ளை. போடாட்டில் பிரெஸ்ஸும் இல்லை, நாங்களும் இல்லை."

பவானி கட்டுரையைக் கையிலை எடுத்தா. பிறகு என்னட்டை வந்தா. "மாமா, ஒரு சொல்லும் விடாமல் கோர்த்துவிடுங்கோ. செல்லத்துரை எண்டு வாற இடத்திலை மட்டும் பவானி எண்டு போடுங்கோ."

"உனக்கு விசரோ பிள்ளை?"

"என்னைப் பற்றி எண்டால் ஒருத்தரும் நம்பாயினம், மாமா. அந்தாளைப் பற்றி எண்டால் நம்பிப்போடுவினம்."

சிரிக்காத ஆள்

பத்திரிகை வந்தண்டு பள்ளிக்கூடமே சிரிச்சுது. 'தேத்தண்ணி ஆத்துற சாட்டிலை பவானி ஒட்டுக்கேக்கிறா' எண்டு கிடந்தால் சிரிக்காமல்? செல்லத்துரை மட்டும் சிரிக்கேல்லை, அது ஆரைப் பற்றினது எண்டு அவருக்கு விளங்கீட்டுது. கேத்திலைக் கவிட்டு வைச்சிட்டு, பெஞ்சாதியைக் கூட்டிக்கொண்டு கிளாலிக் கடலாலை வள்ளமேறி யாழ்ப்பாணத்தை விட்டுப் போட்டார்.

சைக்கிளிலை வந்தவை பவானியைக் கூட்டிக்கொண்டு போச்சினம். பின்னேரம் திரும்பி வந்தா. பத்திரிகை இனி வரக்கூடாதாம்.

"என்ன கேட்டவை, பிள்ளை?"

"ஏன் பேரை மாத்தினனி எண்டு. எழுதினவர் பேரில்லாமல் வந்த கட்டுரை, அதுக்காகத் துணிஞ்சு நிக்க ஆரின்ரை பேராவது வேணுமே எண்டன்."

தாய் தேப்பன் அவவை ஊரைவிட்டுக் கூட்டிக்கொண்டு போக முதல், பவானி கடைசியாய் அச்சுக்கூடத்துக்கு வந்து, அந்தக் கட்டுரை கோர்த்த எழுத்தெல்லாத்தையும் தன்ரை கையாலை கலைச்சு எழுத்துப்பெட்டியிலை அறையறையாய்ப் போட்டிட்டுப் போனா. அதுக்குப் பிறகு அந்த எழுத்தாலை நாங்கள் மரண அறிவித்தல்தான் அடிச்சம், அதுக்கு ஒருத்தரும் தடை போடேல்லை.