சத்தம் கொடுக்காமல் திரும்பும் நாய்

என் வீட்டுக்காரர் போய் ஒன்பதாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலையில், அவருடைய நாயைக் கூட்டிக்கொண்டு கிவிப் பயிற்சிக்குப் போனேன். நாள் வாங்கி வைத்தது அவர்தான். அந்த நாள் வந்தபோது அவர் இல்லை.

கிவிப் பறவை இருக்கும் காட்டுக்குள் பன்றி வேட்டைக்குப் போக, ஆக்லாந்துப் பக்கம் நாய்க்கு ஒரு சான்றிதழ் கேட்பார்கள். கிவி பறக்காது. தரையில் பொந்துக்குள் கிடக்கும். நாய் ஒரு கவ்வு கவ்வினால் செத்துவிடும். அதனால் அதன் வாசனை வந்தாலே நாய் விலகிப் போகும்படி பழக்குகிறார்கள். அதுவரை அவர் தெரிந்தவர்களின் பண்ணைகளில்தான் வேட்டையாடினார். அங்கே கிவி கிடையாது, சான்றிதழும் தேவைப்படவில்லை.

இப்போது தேவைப்பட்டது. நாங்கள் இருந்த மனுகாவ் வீட்டை மகள் விற்றுவிட்டாள். அவள் நர்ஸ். வேலைக்குப் பக்கமாக கிளென்ஃபீல்டில் ஒரு பிளாட் பார்த்திருந்தாள்.

"அம்மா, அந்த பிளாட்ல நாய் வைக்க முடியாது. எழுதியே போட்டிருக்கான்."

"சரி."

"என்னா சரி? ஏதாவது சொல்லுங்களேன். நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க."

அவர் போன பிறகு நான் அப்படித்தான் இருந்தேன். சமைத்தேன், குளித்தேன், துணி மடித்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் அவர்களுடைய வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிலும் பட்டுக்கொள்ளவில்லை.

நாயைக் கேட்டு ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என் வீட்டுக்காரரோடு வேர்ஹவுஸில் வேலை செய்தவர், வேட்டைக்கும் கூடப் போனவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன்.

"நல்ல நாய், அக்கா. நான் வளப்பன். ஆனா நான் வடக்கால காட்டுக்கெல்லே போறனான். சான்றிதழ் இல்லாம இதைக் கொண்டு போகேலாது. வீட்டில சும்மா கட்டிவைக்க என்ர மனுசி விடமாட்டா. இப்பவே ரெண்டு நிக்குது."

தம்பியும் எடுக்காவிட்டால் காப்பகம்தான். மூன்று வயது, பெரிய உடம்பு, முகமெல்லாம் பன்றி கிழித்த வடு. இந்த நாயை யாரும் கேட்டு வரமாட்டார்கள். கொஞ்ச நாள் வைத்திருந்து ஊசி போட்டுவிடுவார்கள் என்று மகள் தம்பியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள், எனக்குப் புரியக்கூடாது என்று. எனக்குப் புரிந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்புதான். ஆனாலும் இந்த ஊரில் பதினெட்டு வருடம் இருந்திருக்கிறேன்.

"பயிற்சிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பல வாரங்களில் நானாகச் சொன்ன வார்த்தை அதுதான் போல.

நாயை ஒன்றிலிருந்து விலக்கிப் பழக்குவது எனக்குத் தெரிந்த வேலை. மலேசியாவில் எண்ணெய் எடுக்கும் செம்பனை எஸ்டேட்டில் இருந்தபோதும் அவர் பன்றிக்கு நாய் வைத்திருந்தார். அங்கே தொல்லை முள்ளம்பன்றி. நாய் போய் வாயைக் கொடுத்துவிட்டு முகம் நிறைய முள்ளோடு வரும். தலையை மடியில் அழுத்திப் பிடித்து, குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவது நான்தான். உள்ளே முறிந்து நின்றுவிட்டால் சீழ் வைக்கும்.

முதல் நாயை நான் நாக்கால் பழக்கினேன். முள்ளம்பன்றித் தோலைத் தரையில் போடுவேன். நாய் கிட்டே போனால் "ச்சு" என்பேன். நம் ஆட்கள் வேண்டாததைப் பார்த்தால் நாக்கைத் தட்டுவோமே, அந்தச் சத்தம்தான். பத்து நாளில் படித்துக்கொண்டது. எஸ்டேட்டே வந்து பார்த்தது. பதினோராம் நாள் காட்டுக்குப் போய், தொண்டையில் முள் வாங்கி, நாலு நாள் கிடந்து செத்தது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றுதான் சொன்னார்.

"உன் வாய் இங்க இருக்கு. முள்ளம்பன்றி அங்க இருக்கு."

அடுத்த நாய்க்கு நான் பக்கத்தில் நிற்கவே இல்லை. தோலில் ஊசிமிளகாயை அரைத்துப் பூசி, அது போகிற வழியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். மூக்கு எரிந்து ஓடியது. இரண்டாம் தடவை கிட்டே போகவில்லை. சாகும்வரை அந்த நாய் முள்ளம்பன்றியைத் தொட்டதில்லை. கடைத்தெருவில் பெயர் வாங்கியது அவர். பழக்கியது நான்.

ஆக்லாந்தில் முள்ளம்பன்றி இல்லை, முள்ளெலிதான். தோட்டத்தில் பந்து மாதிரி சுருண்டு கிடக்கும். இந்த நாய் குட்டியாக இருந்தபோது அதைக் கவ்விக் கவ்வி உதட்டைக் கிழித்துக்கொள்ளும். நான் சமையலறை ஜன்னலில் இருந்து "ச்சு" என்பேன். விட்டுவிடும். வீட்டுத் தோட்டம்தானே, நான் எப்போதும் அங்கே இருப்பேன். அதனால் இந்த முறை மிளகாய் அரைக்கவில்லை.

பயிற்சி ஊருக்கு வெளியே ஒரு பண்ணையின் ஓரத்தில், சின்னக் காட்டுக்குள். நடத்தியது முழங்கால் வரை ரப்பர் கம்பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பெண். தாளில் உரிமையாளர் கையெழுத்து கேட்டாள். தமிழில் போட்டேன். அழகாக இருக்கிறது என்றாள். பெயர்தான் என்றேன்.

நாயின் கழுத்தில் ஒரு பட்டை மாட்டினாள். பாதையில் செத்துப்போன கிவியைப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்களாம். நாய் அதை மோந்து பார்க்கப் போனால், அவள் கையிலிருக்கும் பொத்தானை அழுத்துவாள், பட்டையில் கரன்ட் வரும்.

"அவ சொல்லுறா, நீங்கள் நாயோட சும்மா நடக்கட்டாம். ஒண்டும் கதைக்க வேண்டாமாம்" என்றார், எங்களைத் தன் வண்டியில் கூட்டி வந்திருந்த தம்பி.

"நான் எப்ப கதைச்சேன்" என்றேன், அவர் பேச்சிலேயே. அவர் சிரித்தார்.

நடந்தேன். ஈரமான பாதை, இரண்டு பக்கமும் ஆள் உயரப் பெரணிச் செடி. நாய் எனக்கு முன்னால் போனது. கொஞ்ச தூரத்தில் தலையைத் தூக்கி, மூக்கை நீட்டி, ஒரு மரத்தின் வேர்ப் பக்கம் திரும்பியது. பழுப்பு இறகு தெரிந்தது. நாய் பாய்வதற்கு உடம்பைத் தாழ்த்தியது. அது நின்ற விதத்தைப் பார்த்த அந்த நொடியில் என் நாக்கு தட்டிவிட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. பெருமூச்சு மாதிரி, சின்னதாக.

நாய் நிமிர்ந்தது. பறவையை விட்டுவிட்டுப் பாதையில் நடந்தது.

பின்னால் வந்த பெண் பொத்தானை அழுத்தவே இல்லை. இப்படி ஒரு நாயை அதிகம் பார்த்ததில்லை, அதுவாகவே விலகுகிறது என்றாள். திரும்பி வரும்போது இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சான்றிதழ் தருகிறேன் என்றாள். நான் நாக்குத் தட்டியது அவளுக்குக் கேட்டிருக்கலாம். கிழவி சலித்துக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பாள்.

"பாத்தீங்களே, அக்கா. அடி வாங்காமலே பாஸ்" என்றார் தம்பி.

நான் நின்றுவிட்டேன். பேசாமல் இருந்தால் போதும். திரும்பும்போதும் ஒரு ச்சு, யாருக்கும் தெரியாது. நாய்க்கு வீடு கிடைத்துவிடும். வடக்கே காட்டில் அது கிவியைக் கண்டால் நான் எங்கே இருப்பேன்? கிளென்ஃபீல்டில். பறவையும் சாகும். தம்பியையும் காட்டுக்குள் விடமாட்டார்கள், அப்புறம் நாயை அவரும் வைத்திருக்கமாட்டார். இதை நான் ஒருமுறை செய்தவள்.

"தம்பி, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. நாய் தானா திரும்பல. நான்தான் சத்தம் குடுத்தேன்."

"என்ன சத்தம்? எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே."

நாயைப் பார்க்காமலே நாக்கைத் தட்டினேன். நாய் உடனே தலையை என் பக்கம் திருப்பியது. அவர் சிரிப்பதை நிறுத்தினார். அவளிடம் சொன்னார். அவள் நாயின் பட்டையை இறுக்கினாள். பிறகு, நீங்கள் இங்கேயே நில்லுங்கள், அவர் கூட்டிக்கொண்டு போகட்டும் என்றாள்.

"அதுக்கு முன்ன அந்தப் பட்டையை என் கையில வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

"வேண்டாம், அக்கா. அவவும் வேண்டாமெண்டுதான் சொல்லுவா."

அவளுக்கு விருப்பமில்லைதான். நான் கையை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் இருப்பதிலேயே குறைந்த அளவில் வைத்து, உள்ளங்கையில் படவைத்தாள். கை துள்ளியது. நான் துள்ளவில்லை. என் கை வேறு யாருடையதோ போல அதைப் பார்த்தேன். சரி, போங்கள் என்றேன்.

அவர்கள் பெரணிக்குள் மறைந்தார்கள். நான் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நாய் அலறியது. அப்படி ஒரு சத்தம் அது அதுவரை போட்டதில்லை. ஓடி வந்தது. என்னிடம் வரும் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய் தம்பியின் வண்டிக்கு அடியில் புகுந்தது.

அரை மணி நேரம் கழித்து மறுபடி நடத்தினார்கள். அந்த வேருக்குப் பத்தடி முன்பே நாய் பாதையை விட்டு இறங்கி, பெரிய வட்டமாகச் சுற்றிப் போனதாம். தான் மூச்சைக்கூட விடவில்லை என்றார் தம்பி. அந்தப் பெண் சான்றிதழை என் கையில் கொடுத்தாள். நான் அதை மடிக்காமல் தம்பியிடம் கொடுத்தேன்.

அன்றே நாயை ஏற்றிக்கொண்டு போனார். அது வண்டிக் கூண்டுக்குள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. கூப்பிடலாம் என்று தோன்றியது. கூப்பிடவில்லை.

நாங்கள் வீடு மாறி ஒரு மாதம் இருக்கும். நான் பெட்டியிலிருந்து பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி போன் செய்தார்.

"அக்கா, காட்டுக்குப் போயிட்டு வந்தன். ஒரு மேட்டில நாய் அப்பிடியே நிண்டுது. மயிரெல்லாம் குத்திட்டு நிண்டுது. பிறகு சுத்திப் போயிட்டுது. போய்ப் பாத்தா பொந்து, வாசல்ல இறகு. நான் வாயே துறக்கேல்ல."

"பறவை?"

"உள்ளுக்கதான் இருந்திருக்கும். ஒண்டும் ஆகேல்ல."

"சாப்பிடுதா?"

"ரெண்டாளின்ர சாப்பாடு சாப்பிடுது."

சரி என்று வைத்துவிட்டேன். யார் என்று மகள் கேட்டாள்.

"நாய்க்காரரு" என்றேன். அடுத்த பெட்டியைப் பிரித்தேன். மேலேயே அந்த நாயின் தண்ணீர்க் கிண்ணம் இருந்தது. கழுவி, மற்ற கிண்ணங்களோடு அடுக்கினேன்.