நான்காண்டு, ஒரே படிப்பு

"ஒருங்கிணைந்த பாடத்திட்டத்தில் ஒருவர் பெறும் கலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் ஒரே படிப்பாகவே கொள்ளப்படும்." என் தங்கை படித்த பல்கலைக்கழகத்தின் விதித் தொகுப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது. உரிய காலத்தில் யாராவது அதைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியில் முடிந்திருக்கும். அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். விதி இல்லாமல் ஒருவர் கஷ்டப்பட்டதை நான் பார்த்ததில்லை. விதித் தொகுப்பு பீரோவுக்குள் இருந்ததால் கஷ்டப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தங்கை பிறந்தது பள்ளிபாளையத்தில். அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டியவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வரலாற்றையும் கல்வியியலையும் சேர்த்துப் படிக்கும் நான்காண்டுப் படிப்பில் தங்கைக்கு இடம் கிடைத்தது. அப்பாவுக்கு அது பிடிபடவில்லை.

"அது காலேஜ் படிப்பா, டீச்சர் படிப்பா சாமி?"

"ரெண்டுந்தானுங்கப்பா."

இரண்டும் என்றால் இரண்டிலும் பாதி என்று உறவினர்கள் முடிவு செய்து அனுதாபம் தெரிவித்தார்கள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சிலருக்கும் அது நினைவிருக்கலாம்.

பாதி இல்லை என்பதை அவர் வகுப்பறையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொன்னால் என்ன செய்வது என்பதைக் காலையில் வரலாற்று வகுப்பில் படித்தார். அதையே பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்பதை மதியம் கல்வியியல் வகுப்பில் படித்தார். கெங்கவல்லிப் பக்கம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், பள்ளிச் சுற்றுச்சுவர் எப்போது கட்டப்பட்டது என்று பிள்ளைகளை விசாரித்து வரச் சொன்னார். தலைமை ஆசிரியர் ஓர் ஆண்டு சொன்னார். காவலாளி வேறோர் ஆண்டு சொன்னார். திறப்பு விழாக் கல்வெட்டில் மூன்றாவதாக ஓர் ஆண்டு இருந்தது. கடைசியில் சுவர் கட்டிய கொத்தனாரையே பிள்ளைகள் தேடிப் பிடித்தார்கள். திறப்பு விழாக் கல் முதலில் வந்தது, சுவர் பிறகு வந்தது என்று தெரிந்தது. தலைமை ஆசிரியருக்கு மட்டும் அந்தப் பாடம் பிடிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்துத் தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் தயாரானபோதுதான் வினை வந்தது. தங்கை இளங்கலையும் கல்வியியலும் ஒரே ஆண்டுகளில் படித்திருக்கிறார், ஒரே காலத்தில் இரு பட்டங்கள் படிப்பது விதிக்குப் புறம்பானது என்று கல்வி அலுவலகத்தில் குறிப்பு எழுதி, பெயரை நீக்கிவிட்டார்கள். சேர்த்தே படிக்க வேண்டிய படிப்பைச் சேர்த்துப் படித்ததுதான் குற்றம்.

நானும் உடன் போனேன். எழுத்தர் நல்ல மனிதர், நாற்காலி போட்டார். சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரூல் இருக்குதும்மா என்றார். தங்கை சிரித்துக்கொண்டே கேட்டார்:

"ஆத்தூர் பஸ்ஸுல உக்காந்து போறேனுங்க சார். உக்காந்ததுக்கு ஒரு டிக்கெட், ஆத்தூர் போனதுக்கு ஒரு டிக்கெட்டுன்னா கேப்பீங்க?"

அவரும் சிரித்தார். அதை எழுத்து மூலமாகக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். கொடுத்தோம். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. பரிசீலனை என்பது ஓர் இடம். அங்கே போன தாள்கள் திரும்பும் வழியை மறந்துவிடும்.

அஞ்சல் வழியில் இன்னொரு கல்வியியல் பட்டம் வாங்கிவிட்டால் தொல்லை தீரும் என்று நான் யோசனை சொன்னேன். விதி தெரிந்தவன் சொல்லக்கூடிய யோசனை அதுதான். தங்கை மறுத்துவிட்டார். அதே படிப்பை அவருக்கு இரண்டாண்டு பின்னால் படித்தவர் சேலம் நூர்ஜஹான். செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கும் குடும்பம், அவரும் அரசுப் பள்ளி ஆசிரியர். அவருக்குப் பின்னாலும் மூவர் இருந்தார்கள்.

"நான் இன்னொண்ணு வாங்கிட்டா, இது செல்லாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிங்ணா. அப்புறம் நூர்ஜஹான் எந்த மூஞ்சியோட போய்க் கேக்கும்?"

அதன்பின் பணியில் தங்கைக்கு இளையவர்கள் இருவர், ஒருவர்பின் ஒருவராக, அவருக்கே தலைமை ஆசிரியராக வந்தார்கள். இருவருக்கும் கால அட்டவணை போட்டுக் கொடுத்தது தங்கைதான். ஆண்டு தவறாமல் அலுவலகத்துக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பினார். ஒன்றில்கூடக் கடுமையான சொல் கிடையாது. நான் எழுதிக் கொடுத்த வரைவுகளில் அப்படி ஏதாவது இருந்தால் அடித்துவிடுவார்.

சிறுநீரகம் பழுதாகிச் சேலத்தில் மருத்துவமனையில் இருந்தபோது, ஒரு மாலை என்னிடம் கேட்டார்.

"ஏனுங்ணா, நான் போயிட்டா ஃபைல மூடிருவாங்கதானே?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. மனுதாரர் இறந்தால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதி மூடுவதே நடைமுறை, நானே அப்படி எத்தனையோ மூடியிருக்கிறேன் என்றேன்.

"அப்பக் கடைசி மனுவுல நூர்ஜஹானையும் மத்தவங்களையும் சேத்திருங்க. எல்லாரும் ஒண்ணாப் போயிர மாட்டோமல்ல."

மறுநாள் நூர்ஜஹான் மற்ற மூவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து எல்லாரும் கையெழுத்திட்டார்கள். தங்கை முதலாவதாகப் போட்டார். பேனா நழுவியது, மறுபடி பிடித்துப் போட்டார். முறையான வழியில் அனுப்பினேன். நான் பார்த்த கோப்புகள் எல்லாவற்றிலும், மனுதாரரின் இறப்பையும் கணக்கில் வைத்து எழுதிய மனு அது ஒன்றுதான். அதைச் சிந்தித்தவர் என் தங்கை என்பதில் எனக்குள்ள பெருமையை எந்தக் கோப்பிலும் எழுத முடியாது. வைகாசியில் அவர் மறைந்தார்.

இரவும் பகலும் உடனிருந்து பார்த்துக்கொண்ட அவர் கணவரான மாப்பிள்ளைக்கும், படிப்பை ஒரு பருவம் ஒத்திவைத்துத் தாயைக் கவனித்த மகளுக்கும், ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுச் செவிலியர்களுக்கும், கெங்கவல்லியிலிருந்து வேன் பிடித்து வந்து இறுதி ஊர்வலத்தில் நடந்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாற்காலி போட்ட எழுத்தருக்கும் நன்றி. பீரோவைத் திறந்து அந்த வரியை எடுத்துக் கோப்பில் வைத்தவர் அவர்தான் என்று பின்னர் அறிந்தேன்.

பதிலில் தங்கையின் பெயர் முதலில் இருந்தது, அதன் கீழே நூர்ஜஹானும் மற்ற மூவரும். ஒருங்கிணைந்த படிப்பு ஒரே படிப்புதான், அதைப் பயின்ற அனைவரும் பதவி உயர்வுக்குத் தகுதியானவர்கள் என்று எழுதியிருந்தது. இன்று நூர்ஜஹான் தலைமை ஆசிரியர். தபால்காரர் அந்தப் பதிலை என் வீட்டுக்குக் கொண்டு வந்தபோது தெருவே காலியாக இருந்தது, எல்லாரும் காவிரிக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். கையெழுத்திட்டு வாங்கி, இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: பெறப்பட்டது, ஆடிப் பதினெட்டு.