பாரிசுக்காரருக்கு வைத்த நெருப்பு

வில்லியனூர் ரயிலடிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நெல் அரைக்கும் மில் வைத்தபோது, எண்ணெய் இன்ஜினைப் பொருத்திக் கொடுக்கச் சென்னைக் கம்பெனி ஓர் ஆளை அனுப்பியது. வெளுத்த நிறம், வளைந்த மூக்கு, தலையில் கறுப்பாக ஒரு சின்னத் தொப்பி. நீங்கள் யார், எந்த ஊர் என்று கேட்ட மில் கூலியாளிடம் "பார்சி" என்றாராம். அவன் காதில் அது "பாரிசு" என்று விழுந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். சாயங்காலத்துக்குள் பாரிசிலிருந்து ஒரு துரை வந்து இறங்கியிருக்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மறுநாள் காலையில் ஒரு போலீஸ் சிப்பாய் மில் வாசலில் விறைத்து நின்று, "பொன்ழூர் முசியே" என்று சலாம் வைத்தான். அவர் எண்ணெய்த் துணியைக் கையில் பிடித்தபடியே பதில் சலாம் வைத்தார்.

உண்மை தெரிந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பாரிசுக்காரர் என்றே ஊர் சொன்னது. என் வீட்டுக்காரர் மட்டும் சேட்டு என்பார்.

இன்ஜினைப் பொருத்திவிட்டுப் போக வேண்டியவர், போகவில்லை. அது அடிக்கடி மக்கர் செய்தது. என் வீட்டுக்காரர் கம்பெனிக்கு எழுதி அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். மில்லுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த அறையைக் கொடுத்தோம். சாப்பாடு என் கையால். கல்யாணம் ஆகாதவர். பம்பாய்ப் பக்கத்தில் ஒரு தங்கை மட்டும் இருப்பதாகச் சொல்வார். என்னைப் "பென்" என்று கூப்பிடுவார். அவர்கள் பாஷையில் சகோதரி. முதலில் அது எனக்குப் "பேன்" என்று கேட்டு, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்த் தலையைக் கோதிப் பார்த்தேன்.

மில் ஆட்களோடு பழகி அவர் தமிழும் எங்கள் தமிழாகவே ஆகிவிட்டது. ஒருநாள் என் வீட்டுக்காரர் புதுச்சேரியிலிருந்து வந்த பேப்பரை வைத்துக்கொண்டு அவரைச் சீண்டினார்.

"சேட்டு, உங்க பூர்வீக நாட்டுப் பேர மாத்திட்டாங்களாமே. இனிமே பெர்ஸு, பாரசீகம்னு எழுதக் கூடாதாம். ஈரானுன்னுதான் எழுதணுமாம்."

"மாத்தலே முதலாளி. அதுக்கு எப்பவுமே அதான் பேரு" என்றார் அவர். "பார்ஸ்ன்றது அங்க ஒரு சீமை. எங்க பழைய ராஜாங்க அந்தச் சீமைலேர்ந்து வந்தாங்க. கிரேக்கக்காரன் அந்தப் பேரையே மொத்த நாட்டுக்கும் வெச்சிட்டான். மத்தவன்லாம் அதையே புடிச்சிகினான். உள்ள இருக்கறவன் ஈரானுன்னுதான் சொல்லிகினு இருந்தான்."

"நாம புதுச்சேரின்றோம், இவன் பொந்திஷேரின்றான். அந்த மாதிரி."

"அதே மாதிரிதான்."

"ஈரான்னா இன்னா அர்த்தம்?"

"ஆரியருங்க நாடுன்னு அர்த்தம்."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ நீங்க நம்ப கோயில் குருக்களுக்குச் சொந்தமா?"

அவரும் சிரித்துக்கொண்டே சட்டையைச் சற்றுத் தூக்கி இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைக் கம்பளிக் கயிற்றைக் காட்டினார். "எனக்கும் கயிறு இருக்கு. தோள்லே இல்லே, இடுப்புலே."

சோற்றுத் தட்டை எடுக்கப் போனவள் கேட்டேன். "அந்த நாட்ட நீங்க பாத்திருக்கீங்களா அண்ணே?"

"இல்லே பென். எங்க வம்சத்துல யாரும் பாக்கலே. அரபுக்காரன் நாட்டப் புடிச்சதுக்கு அப்புறம் கொஞ்சம் ஜனங்க படகு ஏறி குஜராத்துக் கரைக்கு வந்துட்டாங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. நெருப்ப மட்டும் வுடலே."

பிறகு பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்து காட்டினார். பாழடைந்த அரண்மனை. கூரை இல்லை, கல்தூண்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. அதன் படிக்கட்டுச் சுவரில் ராஜாவுக்குக் காணிக்கை கொண்டுவரும் பல தேசத்து ஜனங்களைச் செதுக்கியிருக்கிறார்களாம். அதில் நம் தேசத்து ஆளும் ஒருவன், காவடி போலத் தோளில் கட்டையைப் போட்டு இரண்டு பக்கமும் கூடை தொங்க நிற்கிறானாம். "வேட்டி கட்டிகினு நிக்கறான் பென்" என்று அவர் சொன்னபோது அவருக்கு இருந்த சந்தோஷத்தை என்னால் இன்றைக்கும் பார்க்க முடிகிறது. பார்க்காத ஒரு நாட்டை ஒருவர் அப்படி நேசிக்க முடியுமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, அவரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் விளக்கை வாயால் ஊதி அணைக்க மாட்டார். காலையிலும் மாலையிலும் வெளிச்சத்தைப் பார்த்து நின்று, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, முணுமுணுத்தபடி திரும்பக் கட்டுவார். பீடி குடிக்கும் ஆட்களை அறைப் பக்கம் அண்டவிட மாட்டார். ஒருமுறை நெல் குதிரிலிருந்து விழுந்த செத்த எலியை நான் வாலைப் பிடித்துத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டேன். வாசலில் நின்று பார்த்தவர் அலறினார்.

"ஐயோ பென்! செத்தத நெருப்புக்குக் குடுக்காத!"

அதுவரை அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. பயந்துபோய் இடுக்கியால் அதை வெளியே எடுத்துப் போட்டேன். சுத்தம் பார்க்கிற மனிதர், நாற்றம் பிடிக்கவில்லை என்று நினைத்து அதை விட்டுவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலை, இன்ஜின் சக்கரத்தைச் சுற்றிக் கிளப்பும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டு ஓடினேன். நான் போவதற்குள் உயிர் போய்விட்டது.

மில் வாசலில் ஊர் கூடியது. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கோயில்காரர்கள் நம் ஆள் இல்லை என்றார்கள். மாதா கோயில் சாமியார், ஞானஸ்நானம் வாங்காதவர் என்று கைவிரித்தார். "ஈரான்காரருன்னு அவரே சொன்னாரே. அங்க சாயபுங்கதானே இருக்காங்க?" என்று ஒருவர் சொல்ல, சுல்தான்பேட்டையிலிருந்து ஒரு சாயபுவை அழைத்து வந்தார்கள். அவர் பொறுமையாகப் பார்த்தார். இடுப்புக் கயிற்றைப் பார்த்ததும் இல்லை என்று தலையசைத்தார்.

"இவரு எங்க ஆளு இல்லீங்க முதலாளி. இவங்க வேற. ஆனா எரிக்கறவங்களும் இல்லேன்னுதான் தோணுது. எங்க கபர்ஸ்தானுக்கு வெளியே மேட்டுல எடம் இருக்கு. நீங்க சொன்னா பசங்கள வுட்டுத் தோண்டித் தரேன்."

என் வீட்டுக்காரர் சரி என்கிற மாதிரி நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். யாரோ ஒருவர் போல ஊருக்கு வெளியே மேட்டில் அவரைப் போடுவதா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.

"இன்னாங்க, இங்க வாங்க" என்று என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டேன். "அவரு நெருப்பச் சாமின்னு கும்பிட்டவரு. மண்ணுல போட்டா அவரு மனசு ஆறுமா? நெருப்புக்கிட்டயே குடுங்க. நம்ப வூட்டு மனுஷனா நெனச்சி நீங்களே கொள்ளி வையிங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. வெளியே போய் அதை அப்படியே சொன்னார். கூட்டம் ஒத்துக்கொண்டது. சரியாகச் சொன்னாள் என்று ஒரு பெரியவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அந்த ஊர் ஆண்கள் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரே தடவைதான். சாயபு மட்டும் குடையை விரித்துக்கொண்டு போனார். சென்னைக்கு ஒரு தந்தி கொடுத்துக் கேட்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரயிலடி கூப்பிடு தூரத்தில் இருந்தது.

மழை விட்ட நேரத்தில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். பூஜை அறையில் இருந்த சந்தனக் கட்டையை நானே எடுத்துக் கொடுத்தனுப்பினேன். விறகு ஈரம், கிருஷ்ணாயில் ஊற்றித்தான் பிடித்ததாம். மறுநாள் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்து என் வீட்டுக்காரர் தலை முழுகினார். நல்லபடியாகச் செய்தோம் என்ற நிறைவோடு நான் அவருக்குச் சோறு போட்டேன்.

கம்பெனிக்குத் தகவல் எழுதினோம். சில வாரம் கழித்து, சென்னையிலிருந்து கம்பெனி ஏஜெண்டு வந்து இறங்கினார். அவரும் பார்சி, நன்றாகத் தமிழ் பேசினார். கூடவே ஓர் அம்மாள், தலையில் வெள்ளைத் துணி கட்டி, அதன் மேல் புடவைத் தலைப்பைப் போட்டிருந்தார். அண்ணனின் அதே மூக்கு. தங்கை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மாளை உள்ளே உட்காரவைத்தேன். வாசலில் ஏஜெண்டு கேட்டார்.

"எங்க பொதச்சீங்க?"

"பொதைக்கலீங்க" என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சம் பெருமையாகவே. "எங்க அப்பாவுக்குச் செஞ்ச மாதிரி எரிச்சோம். சந்தனக் கட்டை வெச்சி. நான்தான் கொள்ளி வெச்சேன்."

ஏஜெண்டு, அம்மாள் இருந்த உள்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். அவர்களுக்கு நெருப்பைவிடச் சுத்தமானது ஒன்றும் இல்லை. பிணத்தைவிட அசுத்தமும் இல்லை. பிணத்தை நெருப்பில் போடுவதைப் போன்ற பாவம் அவர்கள் மதத்தில் கிடையாது. சென்னையில் அவர்களுக்கென்று நெருப்புக் கோயில் இருக்கிறது, இடுகாடு இருக்கிறது. ஒரு தந்தி கொடுத்திருந்தால் தானே வந்து உடலை எடுத்துப் போயிருப்பாராம்.

அவர் சொல்லச் சொல்ல, அடுப்பிலிருந்து நான் இடுக்கியால் எடுத்துப் போட்ட எலி என் கண் முன்னால் வந்து நின்றது. எலிக்குக்கூட அவர் பொறுக்கவில்லை. அவரையே நான் போட்டுவிட்டேன்.

"அந்தம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார் ஏஜெண்டு. "அவங்க தாங்க மாட்டாங்க. பொதச்சதா சொல்லிடறேன். எடம் ஒண்ணு காட்டுங்க, போதும்."

காட்டினோம். என் வீட்டுக்காரர் முன்னால் நடக்க, ஆற்றங்கரையில் ஒரு பூவரச மரத்தடியைக் காட்டினோம். அங்கே ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, வாய்க்குள் வெகுநேரம் எதையோ சொன்னார். பிறகு மண்ணில் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கரையில் கொஞ்சம் தள்ளி, புல் கருகின இடம் இன்னும் கறுப்பாகவே தெரிந்தது. அவர் பார்வை அந்தப் பக்கம் போகாதபடி நகர்ந்து மறைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் ஏஜெண்டிடம் எதையோ சொல்லி, என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அண்ணன் லெட்டர்ல உங்களப் பத்திதான் எழுதுவாராம். தங்கச்சி ஒருத்தி இங்க இருக்கா, நீ கவலைப்படாதேன்னு" என்று ஏஜெண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்தக் கைகளை உதறிவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

ரயிலுக்கு வழியனுப்பப் போனேன். வண்டி வர நேரம் இருந்தது. அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளிச் செப்பை எடுத்துத் திறந்து காட்டினார். பூவரச மரத்தடி மண். ஊருக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளப் போகிறாராம்.

அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஐயா, சொல்லிடுங்க" என்றேன்.

"வேணாம்மா. வண்டி வந்துடும். சும்மா இருங்க."

"வெறும் மண்ண எடுத்துகினு போறாங்க ஐயா. தெனமும் அதப் பாத்து அழுவாங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்த அம்மாளின் பாஷை தெரியாது. அவர் அண்ணன் சொல்லிச் சொல்லி, பென் தவிர இன்னொரு வார்த்தை மட்டும் தெரியும். செப்பின் மேல் கையை வைத்து, இல்லை என்று தலையாட்டினேன். ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினேன்.

"ஆதஷ்" என்றேன். நெருப்பு. பிறகு என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன், எரிக்கச் சொன்னது நான்தான் என்று.

முதலில் அவருக்குப் புரியவில்லை. ஏஜெண்டைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டதும் புரிந்துவிட்டது. கத்தவில்லை, அழவில்லை. என்னிடமிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார். அவ்வளவுதான். செப்பை மூடிப் பைக்குள் வைத்தார். வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

அவரிடம் சொன்னது சரியா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. என் பாரத்தை இறக்கிவைக்கத்தான் அந்த அம்மாள் தலையில் ஏற்றினேனோ என்று தோன்றும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலை ஓடாது. என் வீட்டுக்காரருக்கும் மனசு விட்டுப்போய்விட்டது. கொள்ளி வைத்தவர் அவர். ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

மறு வருஷம் இன்ஜின் விஷயமாக ஏஜெண்டு வந்தபோது, அந்த அம்மாள் ஒன்று சொல்லியனுப்பியிருப்பதாகச் சொன்னார். அவர்களுடைய பெரிய கோயிலில் புதிதாக நெருப்பை நிறுவும்போது, பல இடத்து நெருப்பைச் சேர்ப்பார்களாம். குயவன் சூளை நெருப்பு, கொல்லன் உலை நெருப்பு, இடி விழுந்து பற்றிய நெருப்பு. அதோடு பிணம் எரிந்த நெருப்பும் ஒன்று வேண்டுமாம். அதைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து, கடைசியில் மற்றதோடு சேர்த்துவிடுவார்களாம்.

"இத உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலே" என்றார்.

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. "நாங்க வெச்ச நெருப்ப யாரு ஐயா சுத்தம் பண்ணாங்க?" என்று கேட்டேன். "பால் தெளிச்சி அணைச்சிட்டோமே."

"தெரியாமத்தானேம்மா செஞ்சீங்க."

"பாதி தெரியும் ஐயா" என்றேன். "ஒண்ணுமே தெரியாம இருந்திருந்தா, சாயபு சொன்ன எடத்துல பொதைச்சிருப்பாங்க."