நாலாவது கை

தையல்காரி அக்காவின் இடது கையை மணிக்கட்டுக்கு மேலே துணி வெட்டுகிற மெஷின் கொண்டுபோய்விட்டது. கம்பெனிக்காரன் துரத்திவிடவில்லை, புண்ணியவான்! பிசிர் நூல் வெட்ட உட்காரவைத்தான். சட்டையை முழங்கால் இடுக்கில் கவ்விக்கொண்டு நாள் முழுக்க நறுக் நறுக்கென்று வெட்ட வேண்டும். காலர் தைப்பதில் அந்த ஹாலிலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவளுக்கு இந்தப் பிழைப்பு. "ரெண்டு கையோட வா, அன்னைக்கே மெஷின் தர்றேன்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினாள்.

பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கருவிகள் செய்யச் சொல்லித்தரும் பொறியியல் படிப்பு உண்டு. கடைசி வருஷப் பிள்ளைகள் வருஷா வருஷம் அவளுக்கு ஒரு கை செய்வார்கள். முதல் கை டம்ளரைப் பிடிக்கவே பிடிக்காது. இரண்டாவது கை பிடித்தால் விடாது. மூன்றாவது, மார்க் போட வந்தவர் முன்னாலேயே புகைந்தது. அவளே சிரித்துவிட்டாள்.

நாலாவது கை அப்படியில்லை. முழங்கைக்குக் கீழே சதையை லேசாக இறுக்கினால் விரல்கள் மடங்கும், தளர்த்தினால் விரியும். அதைச் செய்த குழுவில் ஒரு நெட்டையன், தங்கமான பிள்ளை. "இது உங்களுக்குத்தான்க்கா" என்று வாய்க்கு வாய் சொல்வான். வருஷக் கடைசியில் பல்கலைக்கழகத்தில் கருவிகளுக்குப் போட்டி வைத்தார்கள். அன்று நடுவர்கள் முன்னால் தையல் மெஷின் போட்டு, அந்தக் கையால் துணியை நகர்த்தி ஒரு காலர் தைத்தாள். துணி நழுவவில்லை. முதல் பரிசு! அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். சூப்பர்வைசரும் "திங்கட்கிழமை வந்துடு" என்றுவிட்டார்.

கையை வாங்கிக்கொள்ளப் போனாள். லேப் மேஜையில் விரல் ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம், ஒயர் ஒரு பக்கமாகக் கிடந்தது. அடப்பாவிகளா!

நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். "சாமானையெல்லாம் ஸ்டோர்ல திருப்பிக் குடுத்தாத்தான் சர்டிபிகேட் தருவாங்கக்கா. எனக்கு வேலை கிடைச்சிருக்கு..."

பேராசிரியரிடம் ஓடினாள். கெட்டவர் இல்லை, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "உங்களுக்குக் கை கிடைச்சிட்டா அடுத்த பேட்ச் யாருக்கும்மா செய்யும்? புதுசா செஞ்சாத்தான் மார்க். இதைவிட நல்லாவே செய்வாங்க பாருங்க."

"அப்ப அந்தக் கை எனக்கில்லையா சார்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! திங்கட்கிழமை கம்பெனியில் அவளுக்கென்றிருந்த மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாள். அக்கா பழையபடி பிசிர் வெட்டப் போனாள்.

இனி அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டாள். போட்டு என்ன? வேறு யார் அவளுக்குக் கை செய்யப் போகிறார்கள்? அடுத்த வருஷம் புதுக் குழு கூப்பிட்டதும், மானங்கெட்ட மனசு என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

துறுதுறுவென்று ஒரு பெண் அளவெடுக்கிற டேப்போடு வந்தாள். "இந்தக் கைல உங்களுக்கு எது முக்கியம்க்கா?"

"வீட்டுக்குக் கொண்டு போகணும்மா."

"அப்ப எடை கம்மியா இருக்கணும்டா" என்று அந்தப் பெண் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னாள்.

அக்கா அளவெடுக்க வாகாக மொட்டைக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.